தோளுக்குள்ளே ஒரு நெரிசல்

(உப்பளத் தொழிலாளர்களும் கல்குவாரித் தொழிலாளர்களும் கலந்துகொண்ட பெருமுக்கல் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பிகள் எனக்குக் கொடுத்த தலைப்பு "சாதியும் உடல்நலமும்". ஒரு மாலை நேரத்தில் பேசி முடிக்கிற தலைப்பா இது? அதனால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற நாலு விரல் அகல இடத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உழைக்கிறவர்களின் உடல் என்ன ஆகிறது என்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிற மாணவர். மரக்காணத்து வரப்புகளில் உட்கார்ந்து உங்களோடு டீ குடித்துக்கொண்டே கேட்டதையும், நூலகத்தில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

உப்பளத் தொழிலாளி என்றதும் பத்திரிகைக்காரர்கள் இரண்டு உறுப்புகளை எழுதுவார்கள். ஒன்று கண், வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலால் கெடுவது. இன்னொன்று கால், வெடித்து மரத்துப்போவது. செத்தால் உப்பேறிய பாதம் மட்டும் வேகாது என்று ஒரு கதையையும் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். படிக்கிறவர் "ஐயோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். உங்களிடம் நான் அதிகம் கேட்டதோ கையைப் பற்றி. "ராத்திரில கை மரத்துப் போவுதுப்பா. சுண்டு விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. காத்தால டம்ளரு புடிச்சா நழுவுது. தலை வாரக் கையத் தூக்கினா பாதியிலயே செத்துப்போவுது." இதே வார்த்தைகளைக் குறைந்தது பத்துப் பேராவது சொல்லியிருப்பீர்கள். அதற்குக் கிடைத்த பதில்களும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வாயு, சத்துக் குறைவு, வயசு. ஒரு வலி ஊசி, நாலு மாத்திரை.

என் அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. மூன்று வருடம் போனோம். ஒருவர்கூட "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்கவில்லை. சாதியைக் கேட்காமலேயே தெரிந்துகொள்கிற ஊரில் வேலையைக் கேட்பதற்கு ஆள் இல்லை.

இப்போது எல்லோரும் வலது கை விரலை இடது பக்கக் காறை எலும்பின் மேல் வையுங்கள். கழுத்துக்குக் கீழே குறுக்காகத் தடவினால் தட்டுப்படுகிற எலும்பு. அதற்கு மேலே ஒரு பள்ளம் இருக்கிறதா? அந்தப் பள்ளத்துக்குள்ளேதான் உங்கள் கையின் மொத்தப் பிழைப்பும் ஓடுகிறது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடத்திலிருந்து 5 நரம்பு வேர்கள் கிளம்பி, பின்னிப் பிணைந்து, ஒரு கற்றையாகக் கைக்கு இறங்குகின்றன. நெஞ்சிலிருந்து கைக்கு இரத்தம் கொண்டுபோகிற தமனியும், கையிலிருந்து திரும்பக் கொண்டுவருகிற சிரையும் அதே வழியில்தான் போகின்றன.

அந்த வழி குறுகலானது. மூன்று இடத்தில் இடுக்கு. முதல் இடுக்கு, கழுத்தின் பக்கவாட்டில் இருக்கிற இரண்டு தசைகளுக்கு நடுவில். நரம்புக் கற்றையும் தமனியும் அந்தச் சந்தில் நுழைந்து வருகின்றன. சிரை மட்டும் முன்பக்கத் தசைக்கு முன்னால் தனியாக வருகிறது. இரண்டாவது, மேலே காறை எலும்பு, கீழே முதல் விலா எலும்பு. இரண்டுக்கும் நடுவில் எல்லாமே போக வேண்டும். கதவிடுக்கு மாதிரி. தோள் கீழே இழுபட்டால் கதவு மூடுகிறது. மூன்றாவது, மார்பின் மேல்பகுதியில் தோளோடு ஒட்டிய ஒரு சின்னத் தசைக்கு அடியில். கையை மேலே தூக்கும்போது நரம்பும் இரத்தக் குழாயும் அந்தத் தசையின்மேல் வளைந்து இழுபடும்.

இந்த இடுக்குகளில் எதிலாவது நசுங்கினால் வருகிற நோய்க்கு 1956இல் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். நான் "தோள்வாசல் நெரிசல்" என்று சொல்லிக்கொள்கிறேன். இதைவிட நல்ல பெயர் உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள், ஆய்வேட்டில் போட்டுவிடுகிறேன்.

இதில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நசுங்குவது நரம்புதான். கற்றையின் அடிப்பக்க நரம்புகள் முதல் விலா எலும்பின்மேல் உட்கார்ந்திருப்பதால், பெரும்பாலும் முதல் அடி அவற்றுக்கு விழும். அவை போய்ச் சேருகிற இடம் சுண்டு விரல், மோதிர விரல், முன்கையின் உள்பக்கம். எறும்பு ஊர்வது ஏன் அந்த இரண்டு விரலில் என்பதற்குக் காரணம் இதுதான். பல ஆண்டு கவனிக்காமல் விட்டால் உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை வற்றிவிடும். அங்கே பள்ளம் விழுந்த கையைப் பார்த்தால் "ஒழைச்ச கை" என்று பெருமையாகச் சொல்கிறோம். அது நரம்பு செத்துக்கொண்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

சிலருக்கு நசுங்குவது சிரை. அப்போது கை முழுவதும் திடீரென்று வீங்கி, நீலம் பாய்ந்து, கனத்துத் தொங்கும். உள்ளே இரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள். 1875இல் லண்டனில் பேஜட்டும் 1884இல் வியன்னாவில் ஷ்ரோட்டரும் எழுதியதால் அதற்கு அவர்கள் இருவர் பெயரே நிலைத்துவிட்டது. மிக அரிதாகத் தமனி நசுங்கும். கை வெளுத்து, குளிர்ந்து, விரல் நுனி கறுக்கும்.

பிறவியிலேயே கழுத்தில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருக்கிறவர்களும் உண்டு. இருநூறு பேரில் ஒருவர், அதிகம் போனால் இரண்டு பேர். பெண்களிடம் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் வராது, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாரம் ஏறும்போது தெரியவரலாம். அந்த எலும்பை முதன்முதலில் அறுத்தெடுத்தவர் ஹோம்ஸ் கூட் என்ற லண்டன் மருத்துவர், 1861இல். வரலாறு படித்தவர்களுக்கு வேறொரு கூட் நினைவுக்கு வருவார். 1760இல் இதே பெருமுக்கல் மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட். வெறும் பெயர் ஒற்றுமைதான். ஆனால் அந்தப் படைகளுக்கு மூட்டை சுமந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தளபதிக்கு இந்த மலையில் காயம்பட்டது புத்தகத்தில் இருக்கிறது. சுமந்தவனின் தோள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

உங்கள் வேலைக்கு வருகிறேன். ஜனவரி, பிப்ரவரியில் பாத்தி கட்டத் தொடங்கி மழை பிடிக்கும்வரை உப்பு. ஆண்கள் பாத்தியில் வாருகிறார்கள், பெண்கள் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் இதுதான் பங்கீடு. கூலியிலும் அந்தப் பங்கீடு தெரியும். ஈர உப்பு என்பதால் கனம் கூடுதல். ஒரு கூடை 30 கிலோ, ஒரு நாளைக்கு 100 நடை என்று வைத்துக்கொண்டாலே 3,000 கிலோ. மூன்று டன் உப்பு ஒரு பெண்ணின் கழுத்தின் வழியாகப் போய் அம்பாரம் ஆகிறது.

தலைச்சுமையால்தான் தோள்வாசல் நெரிசல் வருகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. சும்மாட்டின்மேல் நேராக உட்காரும் பாரம் முதலில் தேய்ப்பது கழுத்தெலும்புகளையும் அவற்றுக்கு நடுவிலுள்ள வட்டுகளையும். கானாவில் தலையில் சுமப்பவர்களையும் சுமக்காதவர்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளிவந்த ஆய்வு, சுமப்பவர்களிடம் கழுத்தெலும்புத் தேய்மானம் அதிகம் என்று காட்டியது. அந்தத் தேய்மானமும் நரம்பை அழுத்தும், கையை மரக்கச் செய்யும். வெளியே தெரிகிற குறி ஏறக்குறைய ஒன்று, நோய் வேறு. தோள்வாசலை நெரிப்பது சுமையைச் சுற்றி நடக்கிற மற்ற காரியங்கள். கூடை சாயாமல் இருக்க ஒரு கையை மணிக்கணக்காக மேலே பிடித்திருப்பது. இடுப்பிலிருந்து தலைக்கு ஒரே வீச்சில் ஏற்றுவது. நாள் முழுக்கப் பலகையைத் தள்ளி இழுத்து உப்பு வாருவது. குவாரியில் கல்லைத் தோளிலேயே வைத்துச் சுமப்பது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் இரண்டு கையிலும் இரண்டு குடம் தண்ணீர். அது தோள் இரண்டையும் கீழே இழுத்து, நான் சொன்ன கதவிடுக்கை மூடுகிறது. குடம் யார் தூக்குவது என்பது நம் வீட்டுக்குள்ளேயே பேச வேண்டிய அரசியல். ஆண் தோழர்கள் சிரிக்கிறீர்கள், இருக்கட்டும்.

இந்த நோய் யாருக்கு வந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது? 1943இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, ஃபால்கனர், வெட்டல் என்ற இரு மருத்துவர்கள் லான்செட் இதழில் காறை எலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவில் இரத்தக் குழாய் நசுங்குவதைப் பற்றி எழுதினார்கள். முதுகில் கனத்த பையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தித் தோளைப் பின்னுக்குத் தள்ளி நிற்கிற படைவீரர்களின் உடல் அதற்கு உதாரணம் ஆனது. அந்த நிலையில் நிற்கவைத்து நாடி பார்க்கிற சோதனைக்கு இன்றும் பட்டாளத்துப் பெயர்தான். இன்று இணையத்தில் இந்த நோயின் பெயரைத் தேடினால் அமெரிக்காவின் பேஸ்பால் வீரர்கள் வருவார்கள். ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்று ஒருவர். 2019 டிசம்பரில் 24.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். 2021இல் இதே நோய்க்கு அறுவை சிகிச்சை. அதன்பிறகு அவரால் பழையபடி பந்து வீசவே முடியவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம்தான் உண்டு, பொறாமை இல்லை. பந்து வீசும் தோளுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. கூடை ஏற்றும் தோளுக்கு மேஸ்திரியின் நோட்டில் ஒரு கோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

சுமக்கும் பெண்ணை அறிவியல் கவனிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்திருக்கிறது. 1986இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, கென்யப் பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதல் மூச்சு செலவில்லாமலே தலையில் சுமக்கிறார்கள் என்று வியந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எவ்வளவு மலிவாகச் சுமக்கிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. இருபது வருடம் கழித்து அந்தக் கழுத்து எப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வி, அதற்கு அவ்வளவு கைதட்டல் கிடைப்பதில்லை.

நம் ஊரில் அதே வியப்பைச் சாதி வேறு சொற்களில் சொல்கிறது. "அவங்க ஒடம்பே அப்படி. பாரம் தூக்கித் தூக்கி இரும்பாயிருக்கும்." பாராட்டு மாதிரி இருக்கும். உங்களுக்கு வலிக்காது, வலித்தாலும் அது வலியில்லை என்பதுதான் அதன் அர்த்தம். தொழிலைப் பிரித்துக் கொடுத்ததோடு சாதி நிற்கவில்லை, தொழில் செய்கிற மனிதரையே அடுக்கி வைத்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே சொன்னார். அந்த அடுக்கில் கீழே போகப் போகப் பாரம் கூடும், வலியை நம்புகிறவர்கள் குறைவார்கள். கழுத்துத் தசைக்குச் சாதி தெரியாது என்பதும் உண்மைதான். இந்த உப்பளங்களில் தலித் பெண்ணும் வன்னியர் பெண்ணும் ஒரே வரப்பில் கூடை சுமக்கிறார்கள். இரண்டு பேருக்கும் மரத்துப்போவது அதே சுண்டு விரல். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் வீடுகள் எரிந்த பிறகும், அடுத்த பருவத்தில் இரண்டு தெருக்காரர்களும் அதே பாத்திக்குத்தான் வந்தாக வேண்டியிருந்தது. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

தோள் என்பது நம் வரலாற்றில் சும்மா கிடக்கிற உறுப்பும் இல்லை. அந்தத் தோளில் துண்டு போடக்கூடாது, இடுப்பில் கட்ட வேண்டும், கக்கத்தில் இடுக்க வேண்டும் என்றார்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை போடுவதற்கே பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859இல்தான் அரச ஆணை வாங்கினார்கள். தோளுக்கு மேலே என்ன இருக்கலாம் என்பதற்கு அவ்வளவு போராடியிருக்கிறோம். தோளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கும் அப்படிப் போராடலாம். அதற்குச் சட்டத்தில் கொஞ்சம் இடமும் இருந்தது.

1948இல் தொழிற்சாலைகள் சட்டம் வந்தபோது மத்திய தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். அதன் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை எவரையும் தூக்கவோ சுமக்கவோ வைக்கக்கூடாது என்றது. ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று எடை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்தது. உப்பளம் தொழிற்சாலையா என்று நீங்கள் கேட்கலாம். பம்பாய் வடாலாவில் உப்பளம் நடத்திய அர்தேஷிர் பிவண்டிவாலா அதைத்தான் கேட்டார். கூரை இல்லை, திறந்தவெளி, கடல் தண்ணீரும் வெயிலும்தான் உப்பை உண்டாக்குகின்றன, இது எப்படித் தொழிற்சாலை என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். 1961இல் தோற்றார். திறந்தவெளியும் தொழிலிடம்தான், உப்பு விளைவிப்பதும் உற்பத்திதான் என்று தீர்ப்பு வந்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது. ஆனால் இங்கே யாராவது உங்கள் கூடையை எடை போட வந்திருக்கிறார்களா? தலையாட்டுகிறீர்கள். பின்வரிசையிலும் இல்லையா? சரி.

அந்தச் சட்டத்தில் மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் அது 40 பேர். 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. துண்டு துண்டாகக் குத்தகைக்குப் போகிற அளத்தில் ஒரே முதலாளியிடம் 40 பேர் என்று எத்தனை இடத்தில் காட்ட முடியும்?

இழப்பீட்டுக் கதை இன்னும் மோசம். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. ஈயம், பாதரசம், ஆஸ்பெஸ்டாஸ் என்று நீண்டது. பாரம் சுமந்து கழுத்து நரம்பு நசுங்குவது அதில் இருக்கவில்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு இழப்பீடு வேண்டுமென்றால், குறிப்பிட்ட ஒரு விபத்தில் பட்ட காயத்தால்தான் வந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. இருபது வருடம், நாளுக்கு நூறு நடை, இதில் எந்த நடையில் விபத்து நடந்தது என்று நீங்கள் தேதி சொல்வீர்கள்? கேரளத்தில் சுமைத் தொழிலாளர்களுக்கென்றே 1978இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, நலவாரியமும் உண்டு. மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள், வாரிய அட்டையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கூடையின் கனம் எந்தத் திட்டத்திலும் குறையவில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. எல்லோரும் இரண்டு கையையும் திருடனைப் போலீஸ் பிடித்தால் தூக்குவானே, அப்படித் தூக்குங்கள். முழங்கை தோள் உயரத்தில் மடங்கி இருக்கட்டும். விரலை மூடுங்கள், திறங்கள். மூன்று நிமிடம். இது மருத்துவர்கள் செய்கிற சோதனைதான். நோய் இருப்பவர்களால் பெரும்பாலும் மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது, கை கனத்து மரத்துக் கீழே விழும். ஆனால் நோய் இல்லாதவருக்கும் கை சலிக்கும். அதனால் இதை வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். மருத்துவரிடம் போய்ச் சொல்வதற்கு ஒரு தொடக்கம், அவ்வளவே.

"கை வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த விரல் என்று சொல்லுங்கள். கட்டைவிரலும் அதை ஒட்டிய இரண்டு விரலும் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்ப்பார்கள். சுண்டு விரல் என்றால் முழங்கையா, தோளா, கழுத்தா என்று தேட வேண்டியிருக்கும். எந்த வேலை செய்யும்போது அதிகமாகிறது, எத்தனை வருடமாகச் சுமக்கிறீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கழுத்து எக்ஸ்ரே, நரம்புச் சோதனை, தேவைப்பட்டால் இரத்தக் குழாய்க்கு ஸ்கேன் என்று கேளுங்கள். நரம்பு நெரிசல் உள்ள பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. சில மாதம் முறையான இயன்முறைப் பயிற்சியும், பாரத்தைக் குறைப்பதும், கையை மேலே தூக்கும் வேலையை மாற்றுவதும் போதும். "போதும்" என்று நான் சொல்வது எளிது, தினக்கூலிக்கு அது எவ்வளவு பெரிய விலை என்று தெரியும். அதனால்தான் ஏற்றிவிட ஒரு ஆள், சின்னக் கூடை, தள்ளுவண்டி போகிற அளவுக்கு வரப்பு என்று அளத்துக்காரரிடம் கூட்டாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கி நீலமானால், அல்லது வெளுத்துக் குளிர்ந்து விரல் நுனி கறுத்தால், எண்ணெய் தேய்க்காதீர்கள், நீவி விடாதீர்கள், காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். 108க்கு அழையுங்கள், ஜிப்மரோ முண்டியம்பாக்கமோ அன்றைக்கே போய்ச் சேருங்கள். இடது கை வலியோடு நெஞ்சில் இறுக்கமும் வேர்வையும் இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பிகள் ஒரு தொங்கு தராசு கொண்டுவருகிறார்கள். தனித்தனியாக மாட்டிக்கொள்ள வேண்டாம். இருபது பேர் சேர்ந்து, வேலை முடிந்ததும், உப்போடு கூடையை எடை போட்டு, தேதியும் நடைக் கணக்கும் போட்டு ஒரு நோட்டில் எழுதுவோம். பெயர் வேண்டாம், எண் போதும். சுண்டு விரல் மரப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே நோட்டில் எழுதுவோம். மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கிற மனுவோடு அதன் நகலை இணைக்கலாம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் இப்போதே பெயர் கொடுங்கள்.